நடுவிலிருந்து விரியும் சதுரம்

ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள நூலகத்தில், குளிர்காலம் முழுவதும் செவ்வாய்க்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி உட்கார்ந்து ஊசிப் பின்னலில் சதுரங்கள் பின்னுகிறோம். ஐந்துக்கு ஏழு என்ற கணக்கில் 35 சதுரங்களைச் சேர்த்துத் தைத்தால் ஒரு போர்வை ஆகிறது. அதை முதியோர் இல்லங்களுக்கும், இந்த நாட்டுக்குப் புதிதாக வந்து சேர்ந்து முதல் பனிக்காலத்தைச் சந்திக்கும் குடும்பங்களுக்கும் கொடுக்கிறோம். இவ்வாறு பின்னிய போர்வையை வட அமெரிக்காவில் ‘ஆப்கன்’ என்று அழைக்கிறார்கள். ஆப்கானிஸ்தான் என்ற நாட்டின் பெயரிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் உருவான சொல் அது; இன்று அந்தச் சொல்லைக் கேட்கும்போது இங்குள்ளவர்களின் மனத்தில் எழுவது, பாட்டி வீட்டுச் சோபாவின் முதுகில் மடித்துப் போட்டிருக்கும் பல வண்ணப் போர்வைதான்.

எங்கள் குழுவில் ஒரே ஒரு விதி உண்டு. சதுரம் 20 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். நூலின் நிறமும் பின்னலின் வகையும் அவரவர் விருப்பம். ஆனால் அந்த ஒரு விதியைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்தது. வழக்கம்போல் ஓரத்திலிருந்து தொடங்கினால், எத்தனை கண்ணிகளை, அதாவது நூல் வளையங்களை, ஊசியில் ஏற்றுவது என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். 36 கண்ணிகளை ஏற்றுங்கள் என்று ஒரே குறிப்பைப் பத்துப் பேருக்குக் கொடுத்தால் பத்து விதமான அகலங்கள் வருகின்றன. நூலை இறுக்கிப் பிடிப்பவர் கையில் அது 18 சென்டிமீட்டரில் முடிகிறது. தளரவிடுபவர் கையில் 22 சென்டிமீட்டருக்கு நீண்டுவிடுகிறது. ஊசியின் பருமனை மாற்றி இதைச் சரிசெய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி அளந்து பார்க்க வேண்டும். இவ்வளவு சிறிய சதுரத்துக்கு மாதிரித் துண்டு என்பதே பாதி வேலை.

நான் இறுக்கிப் பிடிப்பவர்களில் ஒருத்தி. கான்வென்டில் ஏழாம் வகுப்புப் படித்தபோது, கைவேலை வகுப்பில் நூலை ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். நாற்பது ஆண்டுகளாகியும் அந்தப் பிடி மாறவில்லை. அதனால் என் சதுரங்கள் சிறுத்தே வந்தன. அவற்றைப் போர்வையில் வைத்துத் தைத்தபோது பக்கத்துச் சதுரங்கள் சுருங்கி நெளிந்தன. முதல் பனிக்காலத்தில் நான் பின்னிய ஒன்பது சதுரங்களில் நான்கை மட்டுமே பயன்படுத்த முடிந்தது. மீதியைப் பிரித்துவிட்டேன்.

எங்கள் குழுவில் எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் இருக்கிறார். நியூஃபவுண்ட்லாந்தில் பிறந்து வளர்ந்தவர். நான் பிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, எத்தனை கண்ணி ஏற்றினாய் என்று கேட்டார். முப்பத்தாறு என்றேன். அவர் தம் கையிலிருந்ததைக் காட்டி, நான் எட்டுதான் ஏற்றினேன் என்றார். அவர் கையில் ஐந்து ஊசிகள் இருந்தன. நான்கு ஊசிகள் ஒரு சிறிய சதுரத்துக்குச் சட்டம் போட்டதுபோல் நிற்க, ஐந்தாவது ஊசி சுற்றி வந்துகொண்டிருந்தது. சதுரம் நடுவில் பிறந்து நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். மடியில் கிடந்த மர அளவுகோலை எடுத்துக் காட்டினார்.

அந்த ஒரு நொடியில் எனக்கு விளங்கிய செய்திதான் இந்தப் பதிவுக்குக் காரணம். ஓரத்திலிருந்து பின்னும்போது அளவு என்பது முன்கூட்டிச் செய்த ஒரு கணிப்பு. கணிப்பு பிழைத்தால் முழுவதையும் பிரிக்க வேண்டும். நடுவிலிருந்து பின்னும்போது அளவு என்பது வந்து சேரும் இடம். கை இறுக்கமானால் இன்னும் இரண்டு சுற்றுப் போகலாம். கை தளர்வானால் இரண்டு சுற்று முன்பே நிறுத்திவிடலாம். பருமனான நூலோ மெல்லிய நூலோ, எதை எடுத்தாலும் 20 சென்டிமீட்டர் என்பது 20 சென்டிமீட்டராகவே முடிகிறது. பல கைகள் சேர்ந்து ஒரே போர்வையைச் செய்யும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் கண்டதில்லை.

ஒரே ஒரு கொக்கி ஊசியைக் கொண்டு குரோஷா பின்னுபவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ‘கிரானி ஸ்கொயர்’ என்ற பெயரில் உலகம் முழுவதும் அறியப்பட்ட சதுரம் நடுவிலிருந்து வெளியே செல்வதுதான். 1885ஆம் ஆண்டிலேயே அதன் செய்முறை அமெரிக்க உழவர் இதழ் ஒன்றில் அச்சாகியிருக்கிறது. ஆனால் குரோஷாவில் எந்த நேரத்திலும் உயிரோடு இருப்பது கொக்கியில் நிற்கும் ஒரே ஒரு கண்ணிதான். மற்றவை எல்லாம் பூட்டப்பட்டவை. இரட்டை ஊசிப் பின்னலில் எல்லாக் கண்ணிகளும் உயிரோடு ஊசியில் நிற்கின்றன. எட்டே எட்டுக் கண்ணிகளை நான்கு ஊசிகளில் நிறுத்தி வைத்துக்கொண்டு தொடங்குவதுதான் இந்த முறையின் உண்மையான கடினம். பெரும்பாலோர் அந்த இடத்திலேயே கைவிடுகிறார்கள் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நூலின் நுனியைக் கொண்டு ஒரு வளையம் இடுங்கள். முடிச்சுப் போட வேண்டாம். பின்னால் நுனியைப் பிடித்து இழுத்தால் வளையம் இறுகி மூட வேண்டும். ஒரு குரோஷா ஊசியை வளையத்துக்குள் நுழைத்து நூலை இழுத்து ஒரு கண்ணி எடுங்கள். பிறகு வளையத்துக்கு வெளியே நூலைக் கொக்கியில் மாட்டி, இப்போது எடுத்த கண்ணிக்குள் மட்டும் ஒரு முறை இழுங்கள். கொக்கியில் ஒரு கண்ணி நிற்கும். அதை அப்படியே விட்டுவிட்டு மீண்டும் வளையத்துக்குள் நுழைந்து இதையே செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் கொக்கியில் ஒரு கண்ணி கூடும். எட்டு வந்ததும் ஊசிக்கு இரண்டாக நான்கு ஊசிகளுக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்தத் தொடக்கத்துக்கு எமிலி ஆக்கர் என்ற பெண்மணியின் பெயர் வழங்குகிறது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்த பின்னல் ஆசிரியை எலிசபெத் ஜிம்மர்மன் தம் எழுத்தில் அதை அவர் பெயராலேயே குறிப்பிட்டதால், அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. தம் கண்டுபிடிப்புகளுக்கே ‘மீண்டும் கண்டெடுத்தது’ என்று அடக்கமாகப் பெயரிட்டவர் ஜிம்மர்மன். அவர் பிறர் பெயரை இப்படிக் காத்து வைத்தது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

முதல் மூன்று சுற்றுகளுக்கு ஊசிகள் கையில் நிற்காமல் நழுவும். முள்ளம்பன்றியைப் பிடித்திருப்பதைப் போலவே இருக்கும். எஃகு ஊசிகளை விட்டுவிட்டு மூங்கில் ஊசிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவை நூலைப் பற்றிக்கொள்ளும், கண்ணி தானாக வழுக்கி விழாது. மடியில் வைத்துப் பின்னாமல் மேசைமீது படுக்க வைத்துப் பின்னுவதும் உதவும். நான்காவது சுற்றுக்குப் பிறகு பின்னிய துணியே ஊசிகளைத் தாங்கிக்கொள்ளத் தொடங்கும். அந்த மாற்றத்தைக் கை உணரும்போது ஏற்படும் நிம்மதியை இன்றுவரை ஒவ்வொரு சதுரத்திலும் உணர்கிறேன். பக்கம் 10 சென்டிமீட்டர் ஆனதும் சுற்றளவு 40 சென்டிமீட்டர் ஆகிவிடும்; கடைகளில் கிடைக்கும் 40 சென்டிமீட்டர் வட்ட ஊசிக்கு (இரண்டு முனைகளையும் வளையும் கம்பி இணைக்கும் ஊசி) எல்லாக் கண்ணிகளையும் மாற்றிக்கொண்டு, நான்கு மூலைகளிலும் நான்கு வளையங்களை அடையாளமாகப் போட்டுக்கொண்டால், அதன் பிறகு ஐந்து ஊசிகள் தேவையில்லை.

சுற்றுகளின் ஒழுங்கு எளியது. முதல் சுற்றைக் கண்ணி கூட்டாமல் பின்னி, இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் முன்னும் பின்னும் பின்னி ஒன்றை இரண்டாக்கினால் ஊசிக்கு நான்கு கண்ணிகள் ஆகும். அதன் பிறகு ஒரு சுற்றுக் கூட்டாமலும் ஒரு சுற்றுக் கூட்டியும் செல்ல வேண்டும். கூட்டும் சுற்றில், ஒவ்வோர் ஊசியிலும் முதல் கண்ணிக்குப் பிறகு ஒன்றும், கடைசிக் கண்ணிக்கு முன்பு ஒன்றும் கூட்டுகிறோம். அப்படியானால் பக்கத்துக்கு இரண்டாக, நான்கு பக்கங்களுக்கும் சேர்த்து, இரண்டு சுற்றுக்கு எட்டுக் கண்ணிகள் கூடுகின்றன.

ஏன் எட்டு? இந்தக் கேள்வியை நான் அந்த அம்மையாரிடம் கேட்டபோது, எப்போதும் எட்டுதான் என்று பதில் சொன்னார். அவர் எப்போதும் கார்ட்டர் பின்னலில், அதாவது கூட்டும் சுற்றை நிட்டாகவும் (வழுவழுப்பான முகம் முன்னால் தெரியும் கண்ணி) அடுத்த சுற்றைப் பர்லாகவும் (மேடு முன்னால் தெரியும் கண்ணி) பின்னிப் பழகியவர். அவருக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை என்பதை அடுத்த வாரமே அறிந்தேன். பர்ல் சுற்றுகள் எனக்குச் சலிப்பூட்டியதால், எல்லாச் சுற்றுகளையும் நிட்டாகவே பின்னி, ஸ்வெட்டரின் முன்பக்கம்போல் வழுவழுப்பான ஸ்டாக்கிங் பின்னலில் ஆறு சதுரங்கள் செய்தேன். கூட்டல் அதே எட்டுதான். ஆறும் கிண்ணங்களாக வந்தன. மேசைமீது வைத்தால் நடு மேலெழும்பி, விளிம்பு உள்ளிழுத்துக்கொண்டு நின்றது. அக்ரிலிக் என்ற செயற்கை நூல் என்பதால், நனைத்து, குண்டூசி குத்தி விரித்துக் காயவைத்தும் அவை படியவில்லை.

காரணம் கண்ணியின் உருவத்தில் இருக்கிறது. கண்ணி சதுரமானது அன்று. கார்ட்டர் பின்னலில் வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று அமுங்கி உட்காருவதால், ஒரு கண்ணியின் அகலத்துக்கு ஏறத்தாழ இரண்டு வரிசைகளின் உயரம் சமமாகிறது. 10 சென்டிமீட்டரில் 18 கண்ணிகள் இருந்தால் அதே 10 சென்டிமீட்டரில் 36 வரிசைகள் இருக்கும். ஸ்டாக்கிங் பின்னலில் வரிசைகள் அப்படி அமுங்குவதில்லை. 20 கண்ணிகளுக்கு 28 வரிசைகள் என்பது நூல் உருண்டைகளின் சுற்றுத்தாளில் அடிக்கடி காணும் கணக்கு. அதாவது, கண்ணியின் அகலத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக அதன் உயரம் இருக்கிறது.

இப்போது சதுரத்தின் கணக்குக்கு வருவோம். நடுப்புள்ளியிலிருந்து ஒரு பக்கத்தின் மையத்துக்குள்ள தூரத்தைப்போல் எட்டு மடங்கு அந்தச் சதுரத்தின் சுற்றளவு. வட்டத்துக்கு இந்த மடங்கு 6.28, சதுரத்துக்கு மூலைகள் இருப்பதால் 8. ஆகவே ஒவ்வொரு சுற்றும் நடுவிலிருந்து எவ்வளவு தூரம் வெளியே தள்ளுகிறதோ, அதைப்போல் எட்டு மடங்கு நீளத்துக்குப் புதிய கண்ணிகள் தேவை. கார்ட்டரில் ஒரு சுற்று அரைக் கண்ணி அகலத்துக்கு வெளியே தள்ளுகிறது; அதன் எட்டு மடங்கு நான்கு கண்ணிகள். இரண்டு சுற்றுக்கு எட்டு. கணக்கு நேராக வந்துவிடுகிறது. ஸ்டாக்கிங் பின்னலிலோ ஒரு சுற்று 0.71 கண்ணி அகலத்துக்கு வெளியே தள்ளுகிறது; அதன் எட்டு மடங்கு 5.7 கண்ணிகள். நான் கொடுத்துக்கொண்டிருந்தது சுற்றுக்கு நான்கு. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றரைக் கண்ணிக்கு மேல் பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறை சேர்ந்து சேர்ந்து விளிம்பை உள்ளே இழுத்துக் கிண்ணமாக்கியிருக்கிறது.

இது தெரிந்ததும் தீர்வு எளிதாகிவிட்டது. ஸ்டாக்கிங் பின்னலில் ஒன்றுவிட்டு ஒரு சுற்றுக்குப் பதிலாக, மூன்று சுற்றுகளில் இரண்டு சுற்றுகளில் கூட்டினேன். மூன்று சுற்றுக்கு 16 கண்ணிகள், அதாவது சுற்றுக்கு 5.3. தேவைக்குச் சற்றே குறைவு என்றாலும் துணி தன் இயல்பான நெகிழ்ச்சியால் அதைத் தாங்கிக்கொள்கிறது. சதுரம் தட்டையாகப் படுத்துவிட்டது. ஆட்டு உரோம நூலாக இருந்தால், இரண்டு சுற்றுக்கு எட்டு என்று கூட்டினாலும் நனைத்து இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைப்பதால் ஓரளவு தட்டையாக்கிவிட முடியும். பலருடைய குறிப்புகளில் ஸ்டாக்கிங் சதுரத்துக்கும் எட்டு என்றே காணப்படுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் தானம் செய்யும் போர்வைகளை நாங்கள் அக்ரிலிக்கில்தான் பின்னுகிறோம். பெற்றுக்கொள்பவர்கள் சலவை இயந்திரத்தில் போட்டுத் துவைக்க வேண்டும், உலர்த்தியில் போட வேண்டும். பல பேர் தங்கும் இல்லத்தில் கையால் அலசிக் காயப்போட யாருக்கும் நேரமிராது. அக்ரிலிக்கை ஆவி காட்டித் தளர்த்தலாம், ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி நேரடியாகப் பட்டால் அது உயிரிழந்து தொய்ந்துவிடும், மீண்டும் பழைய நிலைக்கு வராது. ஆகவே காயவைக்கும்போது திருத்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை எங்களுக்கு இல்லை. ஊசியிலிருந்து இறங்கும்போதே சதுரம் சரியாக இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைக் கண்டறிந்த பிறகு ஒரு வேடிக்கையான திருப்பம் நேர்ந்தது. நான் பர்ல் சுற்றுகளுக்குச் சலித்துத்தான் ஸ்டாக்கிங்கில் இறங்கினேன். ஆனால் இப்போது போர்வைச் சதுரங்களை முழுவதும் கார்ட்டரிலேயே பின்னுகிறேன். அது இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறது, விளிம்பு சுருளுவதில்லை, தடித்துக் காற்றைப் பிடித்து வைத்துக் கூடுதலாகக் குளிர் தாங்குகிறது. கண்ணிக்கு இரண்டு வரிசை என்ற அந்த ஒழுங்கு கையோடு ஒத்துழைக்கிறது. போர்வை என்பது மேலிருந்து மட்டும் பார்க்கும் பொருள் அன்று. அதன் உட்பக்கம்தான் உடலோடு ஒட்டிக் கிடக்கிறது.

கண்ணி கூட்டும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூலை ஊசியின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி அதையே புதிய கண்ணியாக்குவது எல்லாவற்றிலும் எளியது. நடுவிலிருந்து நான்கு மூலைகளுக்கும் சிறு துளைகளின் வரிசை ஓடும், பார்க்கவும் அழகு. குழந்தைப் போர்வையில் அதை நான் தவிர்க்கிறேன், ஏனெனில் சிறு விரல்கள் துளைகளில் சிக்கும். அடுத்த சுற்றில் அந்தக் கண்ணியின் பின்புறமாக ஊசியைச் செலுத்தித் திருகிப் பின்னினால் துளை மூடிக்கொள்கிறது. இரண்டு கண்ணிகளுக்கு இடையிலுள்ள நூலைத் தூக்கி, மூலையின் ஒரு பக்கம் வலமாகவும் மறுபக்கம் இடமாகவும் திருகிக் கூட்டுவது இன்னும் நேர்த்தியானது. மூலைவிட்டம் கோடு கிழித்ததுபோல் நிற்கும். கண்ணியின் முன்னும் பின்னும் பின்னிக் கூட்டும்போது சிறு புடைப்பு ஒன்று தோன்றும். ஸ்டாக்கிங்கில் அது உறுத்தும், கார்ட்டரின் மேடுகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். எனவே புதிதாகக் கற்பவர்களுக்கு அதையே சொல்லித் தருகிறேன்.

இந்த முறையின் மற்றொரு பெரிய நன்மை தைக்கும்போது தெரிகிறது. ஓரத்திலிருந்து பின்னிய சதுரத்தின் நான்கு பக்கங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு பக்கம் ஏற்றிய விளிம்பு, எதிர்ப்பக்கம் முடித்த விளிம்பு, மற்ற இரண்டும் வரிசைகளின் ஓரங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நெகிழும். அவற்றை இணைக்கும்போது வரிசை ஓரத்துக்குக் கண்ணி விளிம்பைப் பொருத்த வேண்டிய தொல்லை வந்துகொண்டே இருக்கும். நடுவிலிருந்து பின்னிய சதுரத்துக்கு நான்கு பக்கமும் ஒரே முடித்த விளிம்புதான். எந்தப் பக்கத்தை எப்படித் திருப்பி வைத்தாலும் தையல் ஒன்றுபோல் விழுகிறது. ஒரே கையால் பின்னியவையாக இருந்தால் முடிக்காமலே விட்டு, இரண்டு சதுரங்களின் உயிர்க் கண்ணிகளை மூன்று ஊசிகளைக் கொண்டு ஒன்றோடொன்று பின்னி மூடிவிடலாம், தையலே தேவையில்லை. பல கைகளின் சதுரங்களில் அது முடியாது. ஒரே 20 சென்டிமீட்டருக்கு என் பக்கத்தில் 40 கண்ணிகள் இருக்கும், பக்கத்து நாற்காலிக்காரர் பக்கத்தில் 34 இருக்கும். அப்போது கண்ணிகளை எண்ணக் கூடாது. மூலையோடு மூலையையும் நடுவோடு நடுவையும் குண்டூசியால் பொருத்திவிட்டு, இடைப்பட்ட தூரத்தைக் கண்ணளவில் பகிர்ந்து தைக்க வேண்டும்.

மீந்த நூலைக் கரைப்பதற்கும் இது ஏற்ற வழி. எங்களுக்கு வரும் நூலில் பெரும்பகுதி யாரோ ஒருவர் வீட்டில் மிஞ்சிய உருண்டைகள்தான். நடுவுக்கு மிகச் சிறிய உருண்டை போதும். வெளியே செல்லச் செல்ல ஒவ்வொரு வண்ணப் பட்டைக்கும் முந்தையதைவிட அதிக நூல் தேவைப்படும். சதுரத்தின் பரப்பில் பாதி, பக்கம் 14 சென்டிமீட்டரைத் தொடும்போதே முடிந்துவிடுகிறது. மீதமுள்ள 6 சென்டிமீட்டர் வளர்ச்சிக்கு மற்றப் பாதி நூல் முழுவதும் செலவாகிறது. எனக்கு ஒரு சதுரத்துக்கு 22 கிராம் அளவுக்கு நூல் ஆகிறது. ஆகவே ஒரே வண்ணத்தில் பின்னும்போது சமையலறைத் தராசை அருகில் வைத்துக்கொள்கிறேன். உருண்டையின் எடை பாதியாகும் நேரத்தில் பக்கத்தை அளந்து, அதை 1.4ஆல் பெருக்கிப் பார்த்தால், அந்த உருண்டை எந்த அளவு வரை கொண்டுசெல்லும் என்பது தெரிந்துவிடும். பெருக்கி வருவது 20க்குக் குறைவு என்றால், வெளிப்பட்டைக்கு வேறு வண்ணத்தை அப்போதே தேடி எடுக்கலாம். முடிக்கும் சுற்றுக்குச் சுற்றளவைப்போல் மூன்று மடங்கு நூல் வேண்டும். அதாவது 80 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர். இதை மறந்துவிட்டுக் கடைசி மூலைக்குக் கைப்பிடி அளவு முன்னால் நூல் தீர்ந்துபோய், ஒரு சுற்றைப் பிரித்தவர்கள் எங்கள் குழுவில் உண்டு. நானும் அப்படிப் பிரித்திருக்கிறேன். வண்ணத்தை மாற்றும்போது எப்போதும் நிட் சுற்றில்தான் மாற்ற வேண்டும். பர்ல் சுற்றில் மாற்றினால் பழைய வண்ணமும் புதிய வண்ணமும் முன்பக்கத்தில் புள்ளி புள்ளியாகக் கலந்து கோடு உடைந்து தெரியும்.

செவ்வகத்துக்கும் நடுவிலிருந்து தொடங்க முடியுமா என்று ஒரு தோழி கேட்டார். அமெரிக்காவில் 1991இல் விஸ்கான்சினைச் சேர்ந்த ஈவி ரோசன் தொடங்கிய ‘வார்ம் அப் அமெரிக்கா’ என்ற அமைப்பு, 7 அங்குலத்துக்கு 9 அங்குலம் என்ற செவ்வகத் துண்டுகளைக் கேட்டுப் பெற்று, 49 துண்டுகளை ஒரு போர்வையாக இணைக்கிறது. தோழிக்கு அந்த அளவு தேவைப்பட்டது. முடியும். எல்லாப் பக்கங்களும் ஒரே வேகத்தில் வெளியே நகர்வதால், நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வேறுபாடு தொடக்கம் முதல் முடிவு வரை மாறாமல் இருக்கும். ஆகவே அந்த வேறுபாட்டை, அதாவது 2 அங்குலத்தை, தொடக்கத்திலேயே கொடுத்துவிட வேண்டும். புள்ளிக்குப் பதிலாக 2 அங்குல நீளமுள்ள ஒரு கோட்டில் கண்ணிகளை ஏற்றி, அந்தக் கோட்டின் இரு புறமும் சுற்றிப் பின்னி, அதன் இரண்டு முனைகளிலும் மூலைகளை அமைத்துக் கூட்டிச் சென்றால், அகலம் 7 ஆகும்போது நீளம் தானே 9 ஆகிவிடும். தோழி அப்படிப் பின்னிக் கொண்டுவந்து அளவுகோலை வைத்துக் காட்டியபோது நாங்கள் எல்லோரும் எழுந்து சென்று பார்த்தோம்.

இவ்வாறு ஒரே அளவைக் காத்து ஆயிரம் கைகள் சேரும்போது என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையில் ஒரு சான்று உண்டு. ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்’ என்ற குழுவினர் 2016 ஜனவரி 31 அன்று தங்கள் குரோஷாப் போர்வைகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரே போர்வையாக விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். அது குரோஷா, நான் எழுதுவது ஊசிப் பின்னல். ஆனாலும் இணைத்துத் தைப்பவர்களின் பாட்டை அறிந்தவள் என்ற முறையில், அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் இணைப்புக் கோடுகளைத்தான் தேடுகிறது.

இந்தப் பனிக்காலத்தில் எங்கள் குழுவில் ஒரு புதிய ஏற்பாடு வந்திருக்கிறது. அந்த அம்மையாரின் விரல் மூட்டுகள் மிகவும் வீங்கிவிட்டன. ஐந்து ஊசிகளை அவரால் இனிப் பிடிக்க முடியவில்லை. முக்கியமாக அந்த எட்டுக் கண்ணிகளை ஏற்றி வளையத்தை இறுக்கும் வேலை அவருக்கு வலியைத் தருகிறது. வட்ட ஊசியில் நீளமான சுற்றுகளை மட்டும் அவரால் மெதுவாகப் பின்ன முடிகிறது. எனவே நான் வீட்டில் இரவு நேரங்களில் நடுக்களை மட்டும் பின்னி, பக்கம் 10 சென்டிமீட்டர் ஆனதும் கண்ணிகளை ஒரு பழைய நூலில் கோத்து, பையில் போட்டு எடுத்துச் செல்கிறேன். அவர் அவற்றை வட்ட ஊசிக்கு ஏற்றி வெளிப்பகுதியைப் பின்னுகிறார்.

முதல் இரண்டு சதுரங்களில் விளிம்பு லேசாக அலையலையாக நெளிந்தது. என் இறுக்கமான நடுவுக்கு வெளியே அவருடைய தளர்ந்த கண்ணிகள் அதிக இடம் கேட்டதுதான் காரணம். அவர் முன்பைவிட அரை மில்லிமீட்டர் பருமன் குறைந்த ஊசிக்கு மாறினார்; நான் நூலை விரலில் இரண்டு சுற்றுக்குப் பதிலாக ஒரே சுற்றாகப் பிடிக்கப் பழகிக்கொண்டேன். நாற்பது ஆண்டுப் பழக்கம் என்பதால் முதல் வாரம் கை தடுமாறியது. மூன்றாவது சதுரத்திலிருந்து இரண்டு கைகளும் சந்திக்கும் இடம் தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அவர் பதினேழாவது சதுரத்தை முடித்தார். நீல நடு என்னுடையது, சாம்பல் நிற வெளிப்பட்டைகள் அவருடையவை. மர அளவுகோலை எடுத்து நான்கு பக்கமும் வைத்துப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, அடுத்த நடு தயாராக இருக்கிறதா என்று கேட்டார். பையிலிருந்து மஞ்சளை எடுத்துக் கொடுத்தேன்.